நூற்று இருபத்தேழரை டிகிரி

காலை 8.10.

இன்குபேட்டர் அறைக்குள் நுழைந்த கலைமதி, எதுவும் கேட்கவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தாள்.

விடிகாலை 5.50க்கு அதே பெட்டியின் முன்னால் நின்று, சுவரில் தொங்கும் அட்டையில் '37.5' என்று எழுதியிருந்தாள். அப்போது உள்ளே ஓட்டுக்குள் இருந்தபடியே குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. இருபதாவது நாள். மறுநாள் பொரிந்து வெளியே வர வேண்டிய நாலாயிரத்து எண்ணூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள்.

கதவைத் திறந்தாள். அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. உள்ளே தொங்கிய தெர்மாமீட்டர் நாற்பத்தொன்பது டிகிரி காட்டியது. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். மூன்றாவதை எடுக்கவில்லை.

அவள் கத்தவில்லை. ஹீட்டரை அணைத்தாள். முதலாளிக்குப் போன் செய்து, "சார், மூணாம் நம்பர் பெட்டி முழுக்கச் செத்துருச்சு" என்று கரண்டு பில் கட்டியாச்சு என்பதுபோல் சொன்னாள். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு அவளாக எதுவும் பேசவில்லை. பெரிய அடி விழுந்தால் சிலருக்கு அழுகை வரும். சிலருக்கு மரத்துப்போகும். கலைமதி இரண்டாவது வகை. அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கொடுமை.

காலை 8.40.

அன்னவாசலுக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் அந்தப் பொரிப்பகம் ரகுநாத்துடையது. முப்பத்தாறு வயது. ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கட்டியது. ஆள் மோசமானவர் இல்லை. ஆனால் யாராவது தன்னை ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் எந்நேரமும் உண்டு. அப்படிப்பட்டவர்கள்தான் வேலைக்குச் சேருகிறவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பார்கள். கலைமதியின் டிப்ளமோ சர்டிபிகேட்டும் நாலு வருஷமாக அந்தப் பீரோவில்தான் இருந்தது.

அவளுக்கு இப்போது ஓமனில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை பாக்கி. சர்டிபிகேட்டை முந்தின நாள் மாலை கேட்டாள். "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் தர முடியாது" என்றார் ரகுநாத். வார்த்தை தடித்தது. பக்கத்துத் தோப்பு வரைக்கும் கேட்டது.

ஆகவே, போன் போட்டு வரவழைத்த ஏட்டு திருமுருகன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, ரகுநாத் குற்றவாளியைத் தயாராகவே வைத்திருந்தார்.

"நீங்களே பாருங்க சார்." சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில் 'செட்' பட்டனை அமுக்கிக் காட்டினார். சிவப்பு எழுத்தில் 127.5 என்று வந்தது. "முப்பத்தேழரை இருக்க வேண்டிய எடத்துல நூத்தி இருபத்தேழரை. அவிச்சுக் கொன்னுருக்கா. பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் இவளுக்கும்."

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாடி தென்னந்தோப்புல சார். மோட்டாருக்கான திரீ பேஸ் கரண்டு ஆறு மணிக்குத்தான் வரும். கரண்டு வந்த நிமிசமே மோட்டார்த் தண்ணியில தலையக் காட்டிட்டேன். வீரய்யாவே பாத்தாரு."

பக்கத்து வயல்காரர் வீரய்யா வாசலில்தான் நின்றார். "ஆமாங்க. கரண்டு வந்ததும் எங்க ரெண்டு பேரு கொழாயிலயும் ஒண்ணாத்தான் தண்ணி விழுந்துச்சு. தம்பி அங்கிட்டுக் குளிச்சாரு. நான் இங்கிட்டு மடை மாத்திக்கிட்டு இருந்தேன்."

"கேமரா இருக்கா?"

"இருக்கு. அதுலதான் இவ மாட்டிக்கிட்டா."

ஆபீஸ் அறையில் பதிவை ஓட்டினார்கள். 5.54க்குக் கலைமதி அறையை விட்டு வெளியே வந்து, தடுப்பூசிக் கொட்டகைப் பக்கம் போகிறாள். 6.00.09க்குப் படம் அறுந்துவிட்டது. 6.02க்கு மறுபடி வந்தது. அதன்பின் 8.10 வரை அந்த வழியில் ஒரு பூனைகூடப் போகவில்லை.

"ரெண்டு நிமிசம் கேமராவ அமத்திட்டு, உள்ள வந்து செட்டிங்க மாத்திட்டுப் போயிருக்கா" என்றார் ரகுநாத்.

ஏட்டு கலைமதியைப் பார்த்தார். "என்னம்மா சொல்ற?"

"நான் தடுப்பூசிக் கொட்டகையில இருந்தேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"இங்க பாரும்மா. கேஸுன்னு போட்டுட்டா ஒன் பாஸ்போர்ட் அதோட நின்னுரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஏட்டுக்கு அது பிடிக்கவில்லை. தப்புச் செய்யாதவள் பதறுவாள் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். இருபது வருஷமும் தப்பாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

காலை 9.05.

கன்ட்ரோலர் பெட்டியைச் செய்து கொடுத்தது அன்னவாசல் கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அன்புமொழி. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், இன்குபேட்டர் போர்டு எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் போகும். வேறு யாரும் பட்டனைத் தொட்டிருக்க முடியாது என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க, ஏட்டு முன்னிலையில் ரகுநாத் போன் செய்தார்.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"நூத்தி இருபத்தேழரை."

"அரையோடவா?"

"ஆமாங்க."

"முட்டை திருப்புற நிமிசம் எவ்வளவு காட்டுது? பாத்துச் சொல்லுங்க."

ரகுநாத் பட்டனை அமுக்கினார். "இருநூத்தி அம்பத்தஞ்சு."

"அலாரம்?"

"அதுவும் நூத்தி இருபத்தேழரை. அதான் மணி அடிக்கல. அதையும் மாத்திட்டுத்தான் போயிருக்கா பாருங்க."

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எதையும் தொடாதீங்க. நான் வாரேன்" என்றார் அன்புமொழி.

காலை 9.35.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தவர் முதலில் இன்குபேட்டரைப் பார்க்கவில்லை. கூடைமேல் உட்கார்ந்திருந்த கலைமதியிடம் போனார்.

"சாப்புட்டியா?"

"இல்லக்கா."

"ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தப்ப எதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுச்சா?"

கலைமதி யோசித்தாள். "ட்யூப்லைட்டு மங்கிச் செத்துருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு வந்துச்சு."

"தெனமும் அப்பிடித்தானா?"

"மங்கும். சாகாது. இன்னைக்குத்தான் செத்துச்சு."

அன்புமொழி பையிலிருந்து அதே மாதிரியான இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து, அறையின் அதே பிளக்கில் சொருகினார். "ஏட்டய்யா, இங்க வாங்க. இதுல ஏத்துற பட்டனை நீங்களே அமுக்குங்க. நூத்தி இருபத்தேழரை வையுங்க பாப்போம்."

ஏட்டு அமுக்கினார். 38. 39. 40. அதற்குமேல் எண் நகரவில்லை. விரல் வலிக்க அமுக்கியும் 40.0 அப்படியே நின்றது.

"நாப்பதுக்கு மேல கை வச்சு ஏத்த முடியாது. நான் அப்பிடித்தான் எழுதியிருக்கேன். பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் முடியாது. எனக்கே முடியாது."

"அப்ப எப்பிடி ஏறுச்சு?" என்றார் ஏட்டு.

"அதத்தான் பாக்கணும்."

"நீங்க அவளுக்கு வேண்டியவங்க" என்றார் ரகுநாத். "எதாச்சும் குறுக்கு வழி சொல்லிக் குடுத்திருப்பீங்க. கேமராவ அமத்தினது யாரு? அதச் சொல்லுங்க."

அன்புமொழி பின்பக்கம் நடந்தார். தென்னந்தோப்பில் ரகுநாத்தின் புது ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இங்கே எல்லோரும் சொல்லும் சின்னப் பெட்டி. கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாகவே போட்டுவிடும். அதன் மூடியைத் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் எதையோ தொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு மூடினார். வீரய்யாவின் மோட்டார் கொட்டகைக்கும் போனார். அதே டிரான்ஸ்பார்மரில் இருந்த இன்னும் ஐந்து கொட்டகைக்கும் போனார். ஏட்டும் வெயிலில் கூடவே நடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் பதில் வந்தது.

காலை 10.40.

லைன்மேன் திருப்பதியை வரவழைத்தார். அவர் தம் அதிகாரியிடம் போனில் கேட்டுக்கொண்டு டிரான்ஸ்பார்மர் அடியில் போய் நின்றார். அன்புமொழி இன்குபேட்டர் அறையின் பிளக்கில் ஒரு வோல்ட் மீட்டரைச் சொருகினார். ஏட்டு தன் கையாலேயே மாற்றுக் கன்ட்ரோலரில் 37.5 வைத்தார்.

"அண்ணே, மோட்டார் கரண்ட மட்டும் எறக்குங்க. அம்பது எண்ணிட்டு ஏத்துங்க" என்றார் அன்புமொழி போனில்.

அறையில் ட்யூப்லைட் எரிந்தபடி இருக்க, மோட்டார் மின்சாரம் மட்டும் போனது. அம்பது எண்ணியதும் வந்தது. 230 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் உடனே 112க்கு விழுந்தது. ட்யூப்லைட் செத்தது. ஆபீஸ் அறையிலிருந்து வீரய்யா கத்தினார்: "கேமரா டிவி கறுப்பாயிருச்சு!"

ஏழு நொடி கழித்து மீட்டர் மெல்ல 205க்கு ஏறியது. கேமரா மறுபடி ஓட ஆரம்பிக்க இரண்டு நிமிடம் ஆனது. ஏட்டு தன் நோட்டில் அந்த இரண்டு நிமிடத்தைக் குறித்து, அடியில் ஒரு கோடு போட்டார்.

ஆனால் கன்ட்ரோலரில் 37.5 அப்படியே இருந்தது.

ரகுநாத் சிரித்துவிட்டார். "ஒண்ணும் ஆகலையே!"

"இன்னொரு தடவ" என்றார் அன்புமொழி.

இரண்டாம் தடவையும் 37.5. ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரகுநாத் வாசலில் சாய்ந்து நின்றார். கலைமதி தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஓமன், பாஸ்போர்ட், ஸ்டேஷன் எல்லாம் யாரோ ஒருத்தியின் விவகாரம்போல் அவளுக்குத் தூரமாக இருந்தன. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

மூன்றாம் தடவை மின்சாரம் வந்து, விழுந்து, எழுந்தது. கன்ட்ரோலரின் திரை ஒருமுறை துடித்து அடங்கியது. ஏட்டு குனிந்து 'செட்' பட்டனை அமுக்கினார்.

127.5.

ஏட்டு மறுபடி அமுக்கினார். அதே எண்.

காலை 11.10.

"கேமராவ யாரும் அமத்தல" என்றார் அன்புமொழி. "மோட்டாருங்கதான் அமத்துச்சு."

"வெளங்குற மாதிரி சொல்லும்மா" என்றார் ஏட்டு.

"இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அது வெப்பத்த அரை அரை டிகிரியாத்தான் எண்ணி வச்சுக்கும். முப்பத்தேழரைன்னா எழுவத்தஞ்சு. நூத்தி இருபத்தேழரைன்னா எவ்வளவு?"

ஏட்டு விரல் விட்டார். "இருநூத்தி அம்பத்தஞ்சு."

"முட்டை திருப்புற எடத்துலயும் அதே இருநூத்தி அம்பத்தஞ்சு. அலாரத்துலயும் அதேதான். மனுசன் கை வச்சா மூணு எடத்துலயும் ஒரே எண்ணு வராது. ஒண்ணும் எழுதாத வெறும் எடத்துலதான் அந்த எண்ணு இருக்கும். யாரும் மாத்தி எழுதல ஏட்டய்யா. எழுதுனது அழிஞ்சுபோச்சு."

"கரண்டு போறது புதுசா என்ன? தெனம் பத்துத் தடவ போகுது" என்றார் ரகுநாத். குரலில் பழைய வேகம் இல்லை.

"முழுசாப் போனா ஒண்ணும் ஆகாது தம்பி. சிப்பு தூங்கிரும், வந்ததும் எந்திரிக்கும். அரைகுறையா வந்தாத்தான் ஆபத்து. தூக்கக் கலக்கத்துல எந்திரிச்ச ஆளு மாதிரி, செய்யச் சொல்லாததச் செய்யும். பழசு அழிக்கிற வேலைய ஆரம்பிச்சிருக்கு. அழிச்சிருச்சு. புதுசா எழுத வோல்டேஜ் இல்ல. எல்லாத் தடவையும் இப்பிடி ஆகாது. இப்ப நீங்களே பாத்தீங்க, மூணுல ஒண்ணு. மத்த பெட்டிங்க தப்புனதும் அதனாலதான்."

"சரி, வோல்டேஜ் ஏன் அப்பிடி விழுந்துச்சு?" என்றார் ஏட்டு.

அன்புமொழி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவப்பாகச் சில துணுக்குகள். நகப்பூச்சு.

"இந்த டிரான்ஸ்பார்மர்ல ஏழு மோட்டாரு. ஏழுக்கும் ஆட்டோ போட்டது நான்தான். ஒவ்வொண்ணுலயும், கரண்டு வந்தப்பறம் எத்தன நொடி பொறுத்து மோட்டார் ஓடணும்னு ஒரு திருகு இருக்கு. ஏழும் ஒண்ணா ஓடுனா வோல்டேஜ் படுத்துரும்னு ஆளாளுக்கு வேற வேற நொடி வச்சேன். யாரும் திருப்பக் கூடாதுன்னு நகப்பூச்சால முத்திரை வச்சேன். ஆறு பெட்டியில முத்திரை எப்பவோ ஒடைஞ்சிருக்கு. தூசி படிஞ்சிருக்கு. எல்லாம் சைபர்ல கெடக்கு."

வீரய்யா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முந்திப் போட்டாத்தானம்மா போர்க் கெணத்துல தண்ணி மொதல்ல நமக்கு ஏறும். எல்லாரும் திருப்புனாங்க. நானும் திருப்புனேன்."

இது பொய்யில்லை. அந்த ஊரில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியாமல் அதைத் திருப்பியிருந்தார்கள். ஆறு மணி நேர மின்சாரத்தில் அதனால் கிடைப்பது ஒன்றரை நிமிடத் தண்ணீர். அதற்குப் போட்டி.

"ஏழாவது பெட்டியில மட்டும் ஒடைஞ்ச பூச்சு கீழ தட்டுல புதுசா உதுந்து கெடந்துச்சு" என்றார் அன்புமொழி. "நேத்து வரைக்கும் அது தொண்ணூறு நொடி பொறுத்துத்தான் ஓடியிருக்கு. அதனால ட்யூப்லைட்டு மங்கும், சாகாது. இன்னைக்கு அதுவும் சேந்துருச்சு."

"ஏழாவது யாரோடது?" என்று கேட்ட ஏட்டு, கேட்ட பிறகுதான் ரகுநாத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரே காலையில ஒங்ககிட்டச் சொன்னாரே ஏட்டய்யா. கரண்டு வந்த நிமிசமே மோட்டார்த் தண்ணியில குளிச்சேன்னு. வீரய்யா அண்ணனும், ரெண்டு கொழாயிலயும் ஒண்ணா விழுந்துச்சுன்னாரு. நான் வச்ச மாதிரி இருந்திருந்தா ஒன்றரை நிமிசத்துக்கு அந்தக் கொழாயில சொட்டுத் தண்ணி வந்திருக்காது. தான் இங்க இல்லங்கிறதுக்குச் சொன்ன சாட்சியிலயே எல்லாம் இருக்கு."

ரகுநாத் தோப்புப் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் திருப்புனீங்களா தம்பி?"

"எல்லாரும் திருப்பியிருந்தாங்க" என்றார் ரகுநாத் மெதுவாக. "எனக்கு மட்டும் போர் தண்ணியில்லாமக் காத்து வாங்குச்சு. அதான்..."

அன்புமொழி அவர் பெட்டியின் திருகைத் தொண்ணூறு நொடிக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்து, திருப்பதியிடம் இன்னொரு தடவை இறக்கி ஏற்றச் சொன்னார். இம்முறை மீட்டர் 158க்குக் கீழே போகவில்லை. ட்யூப்லைட் மங்கிப் பிழைத்தது. கேமரா நிற்கவில்லை. ஏட்டு நோட்டை மூடினார்.

"இன்னொண்ணு இருக்கு ஏட்டய்யா, அதையும் எழுதிக்கங்க" என்றார் அன்புமொழி. "வோல்டேஜ் கொறைஞ்சா ஒண்ணும் செய்யாம அப்பிடியே நில்லுன்னு சிப்புக்குச் சொல்ல ஒரு வசதி இருக்கு. புரோகிராம் ஏத்துறப்ப ஒரே ஒரு டிக் போடணும். நான் போடல. மறந்துட்டேன். அதைப் போட்டிருந்தா ஏழு மோட்டாரும் ஒண்ணா ஓடுனாலும் இந்தக் குஞ்சுங்க பொழைச்சிருக்கும். தப்புல தம்பி பாதி, நான் பாதி."

அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அவருக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் உடைந்தது.

காலை 11.35.

புகார் எழுதப்படவில்லை. "ஒன் விசாரணைய இன்னைக்கே முடிச்சு அனுப்பிடுறேம்மா" என்றார் ஏட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு. ரகுநாத் பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையோடு சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கலைமதி வாங்கி, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"தப்பா நெனச்சுட்டேன் கலைமதி" என்றார் ரகுநாத். "இப்பத்தான தெரியுது, நீ செய்யலன்னு. எல்லாம் மீட்டர்லயே தெரிஞ்சுபோச்சு. மனசுல வச்சுக்காத. ஒண்ணாம் நம்பர் பெட்டி நாளைக்கழிச்சு பொரியுது, அது வரைக்குமாச்சும்..."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் கண் ஒரு இடத்தில் நின்றது.

"நாலு வருசமா ரெண்டு மணிக்கொருக்க ஒங்க முட்டைய எந்திரிச்சுப் பாத்திருக்கேன் சார். கொரோனா வந்து படுத்தப்பக்கூட ஒரு நாள் அட்டையில எழுதாம விட்டதில்ல." நிதானமாகத்தான் சொன்னாள். "என்னையத் தெரிஞ்சுக்க ஒங்களுக்கு மீட்டர் வேண்டியிருந்துச்சு."

கலைமதி அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, புதுக்கோட்டை பஸ்ஸுக்கு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.